ரோமாபுரிக்குப் போன காகிதம்

கணபதி, கோவை
18.8.2024

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும்,

ஜெனிதா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், அம்மா, ரித்திகா மூவரும் சுகம். அத்தையின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? உங்கள் காதுக் கருவி அலமாரியிலேயே தூங்குகிறது என்று போன முறை வந்துவிட்டு ரித்திகா சொன்னாள். போனில் சொன்னால் உங்களுக்குக் கேட்காது. அத்தையிடம் சொன்னால் பாதியில் அழுதுவிடுவார்கள். அதனால் கடிதம்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன் மாமா. மறுமணம் செய்துகொள்ளலாம் என்று இருக்கிறேன். அவர் பெயர் அருள்குமார். சொந்த ஊர் வால்பாறை. இங்கே பஸ் டிப்போவில் மெக்கானிக். மனைவியை நோயில் இழந்தவர். ரித்திகா அவரிடம் சைக்கிள் செயின் மாட்டக் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

உங்கள் மகன் என்னை விட்டுப் போய் ஐந்து வருஷம். கோர்ட்டில் விவாகரத்து ஆகி இரண்டு வருஷம். அதற்கெல்லாம் பிறகும் நீங்கள் இருவரும் மாதம் தவறாமல் பேத்தியைப் பார்க்க வந்தீர்கள். அந்த உரிமையில்தான் இதைக் கேட்கிறேன்.

கோர்ட் தீர்ப்பு எங்கள் திருச்சபைக்குப் போதாது. 2013-இல் எங்கள் பிஷப்பான ஆயரிடம் அனுமதி வாங்கி, உங்கள் மகன் மதம் மாறாமலேயே, எங்கள் கோயிலில் வைத்துத்தானே தாலி கட்டினார். அந்தக் கட்டு இன்னும் இருக்கிறது என்கிறது திருச்சபை. அதை அவிழ்க்க உலகத்தில் ஒருவருக்குத்தான் அதிகாரம், ரோமாபுரியில் இருக்கும் திருத்தந்தைக்கு. ஆயர் இல்லத்துத் திருமண நீதிமன்றத்தில் விசாரித்துக் காகிதங்களைச் சேர்த்து அவருக்கு அனுப்புவார்கள்.

உங்கள் மகன் ஞானஸ்நானம் பெறாதவர் என்பதையும், நாங்கள் பிரிந்தது எப்படி என்பதையும் தெரிந்தவர்கள் சாட்சி சொல்ல வேண்டும். ஒருவர் என் அம்மா. உங்கள் குடும்பத்திலிருந்தும் ஒருவர் வந்தால் நல்லது என்கிறார் விசாரிக்கும் ஃபாதர் ஜெஃபின். உங்களை விட்டால் நான் யாரிடம் போவேன்?

முடியாது என்றாலும் வருத்தப்பட மாட்டேன். பதில் மட்டும் போடுங்கள்.

உங்கள் பிரியமுள்ள,
ஜெனிதா

*

உ
ஆனைமலை
2.9.2024

எந்நாளும் நன்றாக இருக்க வேண்டிய ஜெனிதா அம்மணிக்கு,

அங்கப்பன் எழுதிக்கொண்டது. மேலே பிள்ளையார் சுழி போடாமல் எனக்குப் பேனா ஓடாது. ரோமாபுரிக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நினைக்கிறேன். உன் அத்தைக்கு வலி அப்படியேதான். தைலம் தேய்க்கச் சொன்னால் மாட்டுக்குத் தேய்க்கிறாள்.

உன் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். "நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு மாட்டுச் சாளைக்குப் போனவள் வெகுநேரம் கழித்துத்தான் வந்தாள். எனக்கும் மனசு ஒரு நிலையில் இல்லை. ஆனாலும் முப்பத்தைந்து வயசுப் பெண் எத்தனை நாளைக்குத் தனியாக இருப்பாள் என்று நானே அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

எனக்குப் புரியாததைக் கேட்கிறேன். ரிஜிஸ்டர் ஆபீசில் போய்க் கையெழுத்துப் போட்டால் முடியாதா? எங்கள் பக்கத்தில் ஒத்துவரவில்லை என்றால் இரண்டு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசிக் கல்யாணத்தைத் தீர்த்துப்போடுவோம். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற, உன்னையும் என்னையும் பார்த்திராத ஒரு பெரியவருக்கு நம் வீட்டு விஷயம் என்ன தெரியும்? கொப்பரை வாங்க வரும் சிக்கந்தர் பாயிடம் கேட்டேன். "அவங்களுக்குப் போப்பாண்டவர் சொன்னா சொன்னதுதானுங்க. அவர் சொல்லு தப்பே ஆகாதுங்களாமா" என்கிறார். மனுசனாகப் பிறந்தவன் தப்பே செய்யாமல் இருப்பானா?

கடைசியாக ஒன்று. அதை நினைத்துத்தான் உன் அத்தை சோறு வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். அந்தக் கல்யாணம் நடக்கவே இல்லை என்று அவர் எழுதிவிட்டால் பாப்பா யார்? எங்கள் பேத்தி இல்லையா?

சாட்சி விஷயம் யோசித்துச் சொல்கிறேன். பாப்பாவுக்கு இளநீர் அனுப்பியிருக்கிறேன்.

அன்புடன் உன் மாமன்,
அங்கப்பன்

*

சேசு மரி சூசை துணை
கணபதி, கோவை
15.9.2024

அன்புள்ள மாமா,

அம்மா எப்போதும் இப்படித்தான் கடிதம் ஆரம்பிப்பார்கள். நீங்கள் சுழி போட்டதால் எனக்கும் போடத் தோன்றியது. அத்தை அழாமல் இருக்க, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன்.

நடந்த கல்யாணத்தை நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. சிலருடைய வழக்கில், அது ஆரம்பத்திலிருந்தே செல்லாத கல்யாணம் என்று தீர்ப்பு வரும். அதிலும் பிள்ளைகளுக்கு ஒரு குறையும் கிடையாது. என்னுடையது அந்த வகையே இல்லை. நடந்தது நிஜம், நாங்கள் வாழ்ந்தது நிஜம். இருக்கிற கட்டைத்தான் அவிழ்த்துவிடச் சொல்லிக் கேட்கிறேன். ரித்திகா உங்கள் பேத்தி. குழந்தைக்கும் பழைய குடும்பத்துக்கும் செய்ய வேண்டியதில் குறை வைக்க மாட்டேன் என்று என்னிடம் உறுதி வாங்கிக்கொண்டுதான் காகிதமே அனுப்புவார்கள்.

ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போகலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை பூசையில் எல்லோரும் நற்கருணை அப்பம் வாங்க எழுந்து போகும்போது நான் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். எட்டு வயதிலிருந்து வாங்குகிறேன் மாமா. உங்கள் மகன் என்னை விட்டுப் போன அந்த வருஷம், எனக்குச் சோறு இறங்காத நாட்களில் அது ஒன்றுதான் இறங்கியது.

ரோமாபுரி எதற்கு என்றால், இயேசு தம் சீடர்களில் இராயப்பர் என்ற மீன்பிடிக்காரரைத் தேர்ந்து, சாவியை அவரிடம் கொடுத்தார். பூமியில் நீ கட்டுவதும் அவிழ்ப்பதும் மேலேயும் செல்லும் என்றார். அந்த இராயப்பரின் இடத்தில் வழிவழியாக உட்காருகிறவர் திருத்தந்தை என்பது எங்கள் விசுவாசம். ஆயர்கள் அவரவர் மறைமாவட்டத்தைப் பார்த்துக்கொள்கிறார்கள். மொத்த மந்தைக்கும் அவர் பொறுப்பு. அவர் உங்களையும் என்னையும் பார்த்ததில்லைதான். அதனால்தான் சாட்சி கேட்கிறார்கள்.

சிக்கந்தர் பாய் சொன்னது பாதி சரி. விசுவாசத்தையும் நல்லொழுக்கத்தையும் பற்றி, அந்த ஆசனத்திலிருந்து, சபை முழுமைக்கும் இதுதான் முடிவு என்று அவர் அறிவித்தால் அதில் தவறு நேராது என்று நம்புகிறோம். அது அபூர்வமாக நடப்பது. மற்றபடி நாளைக்கு மழை வரும் என்று அவர் சொன்னால் நீங்கள் தேங்காயைக் காயப் போடலாம். அவரும் ஒரு சாதாரண குருவின் முன் மண்டியிட்டுத் தம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்கிறவர்தான்.

அவராலும் முடியாதது உண்டு. ஞானஸ்நானம் பெற்ற இருவர் கோயிலில் மணந்து சேர்ந்து வாழ்ந்துவிட்டால் அந்தக் கட்டை அவராலும் அவிழ்க்க முடியாது. உங்கள் மகன் ஞானஸ்நானம் பெறாதவர் என்பதால்தான் எனக்கு இந்த வழி.

யோசித்துச் சொல்லுங்கள். அவசரம் இல்லை.

பிரியமுடன்,
ஜெனிதா

*

உ
ஆனைமலை
20.11.2024

ஜெனிதா அம்மணிக்கு ஆசீர்வாதம்.

இங்கே மழை நன்றாகப் பெய்தது. தென்னைக்கு வெள்ளை ஈ மறுபடியும் வந்திருக்கிறது. மட்டையெல்லாம் கறுப்பு அப்பியிருக்கிறது. உன் அத்தை சுகம். சிவலைப் பசு கன்று போட்டிருக்கிறது, கிடாரி. பாப்பாவிடம் சொல்.

இந்த மாதம் எங்களால் கோவைக்கு வர முடியாது. வேலை இருக்கிறது. நாட்டுச் சர்க்கரையும் பத்துத் தேங்காயும் பஸ்ஸில் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

உன் கடிதத்தை நான்கைந்து தடவை படித்தேன். போப்பாண்டவருக்கும் ஒரு எல்லைக்கல் நட்டு வைத்திருப்பது எனக்குப் பிடித்தது.

வேறு விசேஷம் இல்லை.

அங்கப்பன்

*

கணபதி, கோவை
15.12.2024

அன்புள்ள மாமா,

நாட்டுச் சர்க்கரை வந்து சேர்ந்தது. அம்மா அதில் கிறிஸ்துமஸ் பலகாரம் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். அத்தைக்குப் பிடித்த முறுக்கு தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். இரண்டு மாதமாக நீங்கள் வரவில்லையே என்று ரித்திகா கேட்டுக்கொண்டே இருக்கிறாள். உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

போன வாரம் ஃபாதர் ஜெஃபினைப் பார்த்தேன். உங்கள் மகனுடைய பதிலும் வேண்டுமாம். அவர் ஓசூர் விலாசம் மாறிவிட்டதால், விசாரணைத் தாளை நவம்பர் முதல் வாரத்தில் ஆனைமலை விலாசத்துக்கே பதிவுத் தபாலில் அனுப்பினார்களாம். பெற்றுக்கொண்டதற்கான அட்டை திரும்பி வந்திருக்கிறது. ஃபாதர் அதை என்னிடம் காட்டினார்.

உங்கள் கையெழுத்து எனக்குத் தெரியும் மாமா. அதைப் பற்றி ஃபாதரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை.

வெள்ளை ஈக்கு வேப்பெண்ணெய் அடித்தீர்களா? அத்தையைக் கேட்டதாகச் சொல்லுங்கள். கிறிஸ்துமஸ் அன்று முறுக்குடன் காத்திருப்போம்.

என்றும் அன்புள்ள,
ஜெனிதா

*

உ
ஆனைமலை
6.1.2025

அன்புள்ள ஜெனிதா அம்மணிக்கு,

கிறிஸ்துமஸுக்கு வரவில்லை என்று பாப்பா கோபித்திருப்பாள். அவளிடம் இந்தத் தாத்தன், அவளுடைய அப்பாரு, மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

அந்த அட்டையில் இருக்கும் கையெழுத்து என்னுடையதுதான்.

தீபாவளிக்கு முந்தின நாள் மகன் கிருபாசங்கர் வந்துவிட்டான். ஒரு பையோடு வந்து வாசலில் நின்றான். ஓசூர் வேலை போய்விட்டதாம். ஆள் பாதியாகியிருந்தான். உன் அத்தை ஒரு கேள்வியும் கேட்கவில்லை, இலை போட்டாள். அன்றிலிருந்து இங்கேதான் இருக்கிறான். தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறான். யாரிடமும் அதிகம் பேசுவதில்லை.

"எம்பட மகன் வந்துட்டான். இனி மருமகளும் பாப்பாவும் வந்துட்டா ஊடு நெறஞ்சு போயிருமுங்க" என்று உன் அத்தை தினமும் சொல்கிறாள். அந்த நேரத்தில்தான் தபால்காரர் அந்தக் கவரைக் கொண்டுவந்தார். வாங்கிக் கொப்பரை மூட்டைக்கு அடியில் வைத்துவிட்டேன். அவனிடம் கொடுக்கவில்லை, அவளிடமும் சொல்லவில்லை. உனக்கு வெள்ளை ஈயைப் பற்றி எழுதினேன்.

அறுபத்தெட்டு வயசில் ஒரு கவரை ஒளித்துவைத்துக்கொண்டு திரிகிறேன். வெட்கமாக இருக்கிறது.

ஆனாலும் கேட்கிறேன். ஒரே ஒரு தடவை வந்து அவனைப் பார்ப்பாயா? அவன் கேட்கச் சொல்லவில்லை. நானாகக் கேட்கிறேன். மாட்டேன் என்று நீ சொன்னால் அதோடு விட்டுவிடுவேன்.

உன் மாமன்,
அங்கப்பன்

*

கணபதி, கோவை
12.1.2025

அன்புள்ள மாமா,

உங்களுக்கும் அத்தைக்கும் பொங்கல் வாழ்த்து. அவர் சுகமாக வீடு வந்து சேர்ந்தது எனக்கும் நிம்மதிதான். உங்கள் மேல் கோபம் இல்லை. மகன் திரும்பி வந்த வீட்டில் அந்தக் காகிதத்தை யார்தான் நடுவீட்டில் வைப்பார்கள்?

நான் வரமாட்டேன் மாமா.

ஃபாதர் ஜெஃபின் முதல் நாள் என்னிடம் கேட்டதும் இதைத்தான். மறுபடியும் சேர்ந்து வாழ வழி இருக்கிறதா, இருந்தால் இந்தக் காகிதம் இந்த அறையை விட்டுப் போகாது என்றார். இல்லை என்றேன். காரணத்தையும் சொன்னேன். உங்களிடம் அதை ஐந்து வருஷமாகச் சொல்லவில்லை. இப்போதும் எழுத எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் மகனிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள். நான் ரித்திகாவைத் தூக்கிக்கொண்டு ஓசூருக்கு வந்த அன்று கதவைத் திறந்தது யார் என்று கேளுங்கள். அவர் என்ன சொன்னாலும் அதையே நம்புங்கள். என் பங்குக்கு ஒன்றும் சேர்க்க மாட்டேன்.

அத்தை பக்கத்தில் இல்லாதபோது கேட்பது நல்லது.

நீங்கள் சாட்சிக்கு வர வேண்டாம். மகன் வீட்டில் இருக்கும்போது உங்களைக் கூப்பிடுவது நியாயம் இல்லை. வேறு யாரையாவது பார்த்துக்கொள்கிறேன்.

ரித்திகா தைப்பொங்கலுக்கு வரைந்த கோலப் படத்தை இதோடு வைத்திருக்கிறேன்.

பிரியமுள்ள,
ஜெனிதா

*

உ
ஆனைமலை
20.2.2025

என் மகளுக்குச் சமானமான ஜெனிதாவுக்கு,

பாப்பா வரைந்த படத்தைக் காலண்டர் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். நான் சுகம். உன் அத்தையும் சுகந்தான், ஆனால் என்னோடு பேச்சு இல்லை. சோறு வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகிறாள்.

உன் கடிதம் வந்த நான்காம் நாள் மோட்டார் அறைப் பக்கம் அவன் தனியாக இருந்தபோது கேட்டேன். கையிலிருந்த ரப்பர்க் குழாயைக் கீழே வைத்தான். பக்கத்தில் வந்து, என் காதருகில் சத்தமாகக் கேட்டான்.

"அவ சொன்னாளுங்களாப்பா?"

"அவ ஒண்ணுஞ் சொல்லுல. நீ சொல்லு. கதவைத் தொறந்தது யாரு?"

"சைதன்யான்னு பேருங்கப்பா. எங்க கம்பெனிதான்."

"தெரிஞ்ச புள்ளையா?"

"அவ கழுத்துலயும் தாலி இருந்துச்சுங்கப்பா. நாங் கட்டுனது. எனக்கு முன்னால ஒரு குடும்பம் இருக்குதுன்னு அவளுக்கே அன்னைக்குத்தான் தெரியும். போன வருசம் அவளும் அவங்க ஊட்டுக்கே போயிட்டா."

தண்ணீர் வரப்பை உடைத்துக்கொண்டு போனது. இரண்டு பேரும் அதை அடைக்கவில்லை. ஐந்து வருஷமாக எங்களிடம் நீ, அவருக்கு வேலை அதிகம், மனசு ஒத்துவரவில்லை என்றுதானே சொல்லிவந்தாய். எங்களுக்கு மகன் மிஞ்சட்டும் என்று மறைத்திருக்கிறாய்.

கவரை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். மறுநாள் கட்டிலில் உட்கார்ந்து எழுதினான். ஒரு பக்கம் எழுத ஒரு பொழுது ஆனது. என்னிடம் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை. அவனே போய்த் தபாலில் போட்டுவிட்டு வந்தான்.

போன செவ்வாய்க்கிழமை பொள்ளாச்சியில் பஸ் ஏறி உக்கடத்தில் இறங்கி ஆயர் இல்லத்துக்குப் போனேன். உன்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வேண்டாம் என்றிருப்பாய். எனக்குக் காது கேட்காது என்றதும் ஃபாதர் ஜெஃபின் கேள்விகளைப் பெரிய எழுத்தில் தாளில் எழுதி நீட்டினார். நல்ல பிள்ளை. எதன் மேல் சத்தியம் செய்ய வேண்டும் என்று கேட்டேன். உங்கள் சாமியைச் சாட்சியாக வைத்து உண்மையைச் சொல்லுங்கள், போதும் என்று எழுதினார்.

மகனுக்கு ஞானஸ்நானம் ஆனதா என்று கேட்டிருந்தார். "மாசாணியாத்தா கோயில்ல மொட்டை அடிச்சு ஒரு சொம்புத் தண்ணி ஊத்துனோமுங்க. அதுக்கப்பறம் யாரும் ஊத்துலீங்க" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார்.

ஒன்பதாவது கேள்வி, பிரிந்ததற்கு யார் காரணம் என்பது. குடிக்கத் தண்ணீர் கேட்டேன். அவர் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். பேனாவை வாங்கி நானே எழுதினேன். என் மகன் காரணம், ஜெனிதா மேல் ஒரு குற்றமும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வீட்டுக்கு வந்து உன் அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பேசாமல் இருப்பது அதிலிருந்துதான்.

உன் மாமன்,
அங்கப்பன்

*

உ
ஆனைமலை
23.4.2025

அன்புள்ள ஜெனிதாவுக்கு,

உங்கள் போப்பாண்டவர் காலமான செய்தியை டிவியில் பார்த்தோம். ஈஸ்டருக்கு மறுநாளே போய்விட்டாரே. துக்கம் நடந்த வீட்டுக்கு நேரில் வருவதுதான் முறை. உன் அத்தைக்கு முழங்கால் வீங்கியிருப்பதால் வர முடியவில்லை. இந்தக் கடிதத்தை நேரில் வந்ததாக வைத்துக்கொள். உன் அம்மாவுக்கும் சொல். செருப்புத் தேய நடந்த மனுசன் போலத் தெரிந்தார்.

உன் அத்தை இப்போது என்னோடு பேசுகிறாள். டிவியைப் பார்த்துக்கொண்டே இருந்தவள் இரண்டு மாதத்துக்குப் பிறகு முதல் வார்த்தையாகக் கேட்டது, "அப்ப அந்தப் புள்ளையோட காயிதம் என்னாகுமுங்க?" என்பதுதான். எனக்குப் பதில் தெரியவில்லை. உன்னைக் கேட்கிறேன்.

ஆறுதலுடன்,
அங்கப்பன்

*

கணபதி, கோவை
18.5.2025

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும்,

துக்கம் கேட்டு வந்த கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதை ஜெபப் புத்தகத்தில் வைத்துக்கொண்டார்கள். அத்தையின் வீக்கம் வடிந்ததா? பொள்ளாச்சியில் டாக்டரைப் பாருங்கள், மாட்டுத் தைலத்தோடு நிற்க வேண்டாம்.

என் காகிதம் மார்ச்சிலேயே ரோமாபுரிக்குப் போய்விட்டது. அங்கே அதைப் படித்துச் சரிபார்க்கப் பலர் இருக்கிறார்கள். ஆனால் அவிழ்க்கும் அதிகாரம் திருத்தந்தை ஒருவருக்கே என்பதால், ஆசனம் காலியாக இருக்கும் நாட்களில் யாராலும் அதைச் செய்ய முடியாது. அவரைத் தேர்ந்தெடுக்கும் கர்தினால்கள் அத்தனை பேரும் கூடியிருந்தாலும் முடியாது. பத்து நாள் முன்பு புதியவரைத் தேர்ந்தெடுத்தார்கள். தேர்ந்தாயிற்று என்று காட்டும் வெள்ளைப் புகை வந்தபோது அம்மா டிவி முன்னால் மண்டியிட்டுவிட்டார்கள். முகம் யாருடையது என்று தெரிவதற்கு முன்பே. "யாரா இருந்தா என்ன, நமக்கு அப்பா வந்துட்டாரு" என்றார்கள். எனக்கு அப்படி மண்டியிட வரவில்லை. நான் மனசுக்குள் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

உங்களிடம் மறைக்கவில்லை மாமா. எனக்குச் சலித்துவிட்டது. காகிதங்கள் குவிந்திருக்கும், இன்னும் எத்தனை மாதம் என்று சொல்ல முடியாது என்கிறார் ஃபாதர். அருள்குமாரின் அம்மாவுக்கு இருதயம் பலவீனம். மகனின் கல்யாணத்தைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்கிறார்கள். அருள்குமாரின் முகமும் வாடியிருக்கிறது. நேற்று நானே, ரிஜிஸ்டர் ஆபீசில் முடித்துவிடலாமா என்று கேட்டேன். நீ சொல்வதுதான் என்றுவிட்டார். நீங்கள் முதலில் கேட்டதும் அதைத்தானே.

என்ன செய்யட்டும்?

குழப்பத்துடன்,
ஜெனிதா

*

உ
ஆனைமலை
27.5.2025

அன்பு மகள் ஜெனிதாவுக்கு,

உன் அத்தையைப் பொள்ளாச்சியில் காட்டினோம். வீக்கம் குறைந்திருக்கிறது. இனி உன் கேள்விக்கு வருகிறேன்.

ரிஜிஸ்டர் ஆபீஸ் என்று நான் கேட்டது போன வருஷம். இப்போது பொறு என்கிறேன். என் சாமி வேறு, உன் சாமி வேறு. ரோமாபுரியில் யார் உட்கார்ந்தாலும் எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் பெற்ற மகனுக்கு எதிராக நான் எழுதிக்கொடுத்த ஒரு வரி அங்கே ஒரு மேசையில் கிடக்கிறது. அதை எழுதின நாளிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. அதிகாரம் உள்ள ஒருவர் அதைப் படிக்க வேண்டும். படித்துவிட்டு, சரி, இந்தப் பெண் மேல் குற்றம் இல்லை என்று சொல்ல வேண்டும். நீ நடுவில் விட்டுவிட்டால் நான் எழுதினது யாரும் படிக்காத வரியாகப் போய்விடும்.

உனக்காகவும் சொல்கிறேன். சோறு இறங்காத நாளிலும் அது இறங்கியது என்று எழுதினாயே, அதை விட்டுக்கொடுத்துவிட்டு ஒரு கல்யாணம் வேண்டுமா? அந்தப் பையன் நல்லவன் என்றால் காத்திருப்பான். அவன் அம்மாவுக்கு இருதயத்துக்கு நல்லது என்று உன் அத்தை கருப்பட்டி அனுப்பச் சொன்னாள். டாக்டரிடம் கேட்டுவிட்டுக் கொடு.

ஒன்று சொல்ல மறந்தேன். இந்தக் கடிதத்தைக் கிருபாசங்கர்தான் தபாலில் போடுகிறான். விலாசத்தை அவன்தான் எழுதினான்.

உன் மாமன்,
அங்கப்பன்

*

சேசு மரி சூசை துணை
கணபதி, கோவை
7.12.2025

அன்புள்ள மாமா,

வீட்டில் அனைவரும் சுகம். நீங்களும் மலை ஏறி இறங்கின அலுப்பு தீர்ந்து நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அக்டோபரில் ரோமாபுரியிலிருந்து பதில் வந்தபோது, எழுதினால் போதாது என்று நேரிலேயே ஓடி வந்தேன். அந்த லத்தீன் தாளை நீங்கள் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தீர்கள். நானும் திருப்பிக் கொடுக்கவில்லை.

வால்பாறையில் நடந்த கல்யாணத்துக்கு நீங்கள் வந்துவிட்டீர்கள். ஆனால் உங்களுக்குக் கேட்காமல் போனவை இரண்டு உண்டு. அவற்றை எழுதத்தான் இந்தக் கடிதம்.

நாற்பது வளைவு ஏறி உங்களைக் கொண்டுவந்த உங்கள் மகன், கோயிலுக்கு வராமல் கீழே காரிலேயே இருந்துகொண்டார். பூசை முடிந்து சாப்பாட்டு நேரத்தில் மாப்பிள்ளையைக் காணவில்லை என்று எல்லோரும் தேடினார்களே, அவர் கீழேதான் போயிருந்தார். ரித்திகா பின்னாலேயே போய்க் கேட்டுவந்து சொன்னாள்.

"ஏனுங்க, பந்தி போட்டாச்சு. மேல வாங்க" என்றாராம் இவர்.

"இல்லீங்க. நான் இங்கயே இருக்கறனுங்க."

"அப்ப எனக்கும் இங்கயே கொண்டாரச் சொல்றனுங்க. காலைல இருந்து ஒண்ணுஞ் சாப்புடுல."

இரண்டு தட்டும் கீழே போயிற்று. தடுப்புச் சுவரில் உட்கார்ந்து சாப்பிட்டார்களாம். சாப்பாட்டைப் பற்றியோ என்னைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லையாம். இவர் காரின் டயரைப் பார்த்துவிட்டு, "எறங்கறப்ப ரெண்டாவது கியர்லயே போங்க. பெரேக்கை மிதிச்சுட்டே போனா சூடாயிருமுங்க. பெரியவங்க உக்காந்திருக்கறாங்க" என்றாராம். அவர் சரி என்று தலையை ஆட்டியிருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் ரித்திகா என்னிடம், ரெண்டு பேரும் சண்டை போடவே இல்லையே அம்மா என்றாள். அவள் அதற்குப் பயந்துதான் பின்னால் போயிருக்கிறாள்.

இரண்டாவது, அத்தை. நீங்கள் ஃபாதர் ஜெஃபினோடு தாளில் எழுதி எழுதிப் பேசிக்கொண்டிருந்த நேரம், அத்தை என்னைக் கோயிலுக்குப் பின்பக்கம் கூப்பிட்டார்கள். என் முந்தானையைச் சரிசெய்தார்கள். அதற்குப் பிறகும் கையை எடுக்கவில்லை.

"அம்மணி, எம்பட மகன் கட்டுனதை ரோமாபுரிக்காரரு அவுத்துப்போட்டாரு. செரி. அது அவரு அதிகாரம். நான் உன்னைய எம்பட புள்ளைன்னு கூப்புட்டனே, அதையும் அவுக்கறதுக்கு அவருக்கு அதிகாரம் இருக்குதா?"

"இல்லீங்கத்தை" என்றேன்.

"நல்லாத் தெரியுமா? படிச்சவீகளைக் கேட்டயா?"

"கேக்க வேண்டாமுங்கத்தை. எனக்கே தெரியுமுங்க."

"அப்பச் செரி" என்று சொல்லிவிட்டு முழங்காலைப் பிடித்துக்கொண்டு பந்திக்கு நடந்தார்கள். உங்களிடம் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். நீங்களும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டாம்.

போன ஞாயிற்றுக்கிழமை நானும் அவரும் சேர்ந்து எழுந்து போய் நற்கருணை வாங்கினோம். அம்மா பின் பெஞ்சில் இருந்து பார்த்தார்கள். உங்கள் வரியை யாரோ படித்திருக்கிறார்கள் மாமா. இனி நன்றாகத் தூங்குங்கள்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ரித்திகாவை லீவுக்கு உங்களிடம் அனுப்புகிறேன். பத்து நாள் இருப்பாள். பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டு வரை நான் கொண்டுவந்து விடுகிறேன். காலை பதினொரு மணிக்குள் வந்துவிடுவோம். அங்கிருந்து அழைத்துப் போக உங்களுக்கு அலைச்சலாக இருந்தால், அவள் அப்பாவை அனுப்பினாலும் சரிதான்.

என்றும் உங்கள் மகள்,
ஜெனிதா